தோற்பது உறுதி என்று தெரிந்தும் வாக்கெடுப்பு: சாண்டர்ஸ் செய்வது அரசியலா, சடங்கா?

வைகைக்கரை

நண்பர்களுக்கு வணக்கம். இஸ்ரேலுக்கு ஆயுதம் விற்பதைத் தடுக்க வெர்மான்ட் மாநில செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் அமெரிக்க செனட்டில் கொண்டுவந்த தீர்மானங்களைப் பற்றி வேறு வேறு இழைகளில் துண்டுதுண்டாகப் பேசிவிட்டோம். ஒரே இடத்தில் பேசலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

2024 நவம்பர் 20 அன்று மூன்று தீர்மானங்கள். டாங்கிக் குண்டுகளை நிறுத்தச் சொன்னவர்கள் 18 பேர், மோர்ட்டார் குண்டுகளுக்கு 19 பேர், விமானக் குண்டுகளை இலக்கு நோக்கிச் செலுத்தும் கருவிகளுக்கு 17 பேர். மூன்றும் படுதோல்வி. 2025 ஏப்ரல் 3 அன்று மீண்டும் இரண்டு. அவற்றுக்கு 15 பேர்தான், முன்பைவிடக் குறைவு. அதே ஆண்டு ஜூலை 30 அன்று துப்பாக்கிகளை நிறுத்தும் தீர்மானத்துக்கு 27, குண்டுகளை நிறுத்தும் தீர்மானத்துக்கு 24.

என் கேள்வி இதுதான். நூறு பேர் உள்ள அவையில் எதுவும் நிறைவேறாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் திரும்பத் திரும்ப வாக்கெடுப்புக்கு விடுகிறாரே, இதில் பயன் ஏதும் உண்டா? அல்லது மனச்சாட்சியைக் கழுவிக்கொள்ளும் சடங்கா?

கருவேலங்காடு

சடங்குதான். அதிலும் காலம் கடந்த சடங்கு.

2023 நவம்பர் தொடக்கத்தில் இவர் எங்கே நின்றார் என்று நினைவிருக்கிறதா? ஹமாஸ் போன்ற ஓர் அமைப்போடு போர்நிறுத்தம் எப்படிச் சாத்தியம் என்று தொலைக்காட்சியில் கேட்டவர் இவர். மனிதாபிமான இடைவேளை போதும் என்றார். இவருடைய தேர்தல் பிரசாரத்தில் உழைத்தவர்களே கடிதம் எழுதிக் கெஞ்சினார்கள். வெர்மான்ட் மாநிலத்திலிருந்து வாஷிங்டன் போகிறவர்கள் மொத்தம் மூன்று பேர். அவர்களில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பெக்கா பாலின்ட், இவரைப் போலவே யூதர், அந்த நவம்பரிலேயே போர்நிறுத்தம் கேட்டுவிட்டார். மற்றொரு செனட்டர் பீட்டர் வெல்ச்சும் அதே மாதத்தில் கேட்டார். முற்போக்கின் முகம் என்று உலகம் கொண்டாடுகிற மனிதர் மட்டும் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். காசாவில் நடப்பதை இனப்படுகொலை என்று எழுத 2025 செப்டம்பர் ஆயிற்று.

பழைய_ஆவணம்

கருவேலங்காடு அடுக்கிய நாட்கள் எல்லாம் சரி. ஆனால் வைகைக்கரை கேட்டது வாக்கெடுப்பைப் பற்றி. அதற்கு இந்த நடைமுறை எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டும். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பெரிய ஆயுத விற்பனை ஒவ்வொன்றையும் அரசு முன்கூட்டியே நாடாளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். 1976-இன் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பெரும்பாலான நாடுகளுக்கு 30 நாள் அவகாசம். நேட்டோ நாடுகளுக்கும் இஸ்ரேல் போன்ற சில நட்பு நாடுகளுக்கும் 15 நாள்தான். எந்த ஒரு செனட்டரும் மறுப்புத் தீர்மானம் கொண்டுவரலாம். குழுவில் அது முடங்கிக் கிடந்தால் அவைக்கு இழுத்து வாக்கெடுப்பைக் கட்டாயப்படுத்தலாம். கட்சித் தலைமையின் தயவு தேவையில்லை. சாண்டர்ஸ் கையாளும் கருவி இதுதான். பிரதிநிதிகள் சபையில் தனி உறுப்பினர் ஒருவருக்கு இந்த வசதி கிடையாது.

ஆரம்பத்தில் இந்தச் சட்டத்துக்குப் பல் இருந்தது. இரண்டு அவைகளும் மறுத்தால் விற்பனை நின்றுவிடும், அதிபரின் கையெழுத்து வேண்டாம். 1983-இல் வேறொரு வழக்கில், ஒரு குடியேறியை நாடு கடத்துவது தொடர்பான வழக்கு அது, அதிபரைத் தாண்டி இப்படி மறுக்கும் அதிகாரம் அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தோடு ஆயுதச் சட்டத்தின் பல்லும் விழுந்தது. இப்போது மறுப்புத் தீர்மானம் இரண்டு அவைகளிலும் நிறைவேறி அதிபரிடம் போக வேண்டும். விற்பவரே அவர்தான், கையெழுத்துப் போடுவாரா? வீட்டோ செய்வார். அதை மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இன்றுவரை இந்த வழியில் ஒரு விற்பனைகூடச் சட்டப்படி நிறுத்தப்பட்டதில்லை.

மிக அருகில் வந்தது 1986-இல். சவூதி அரேபியாவுக்கு ரீகன் ஏவுகணை விற்க முனைந்தார். இரண்டு அவைகளும் மறுத்தன. அவர் வீட்டோ செய்தார். செனட்டில் அதை மீற 67 வாக்கு வேண்டும், கிடைத்தது 66. ஆனால் அந்த ஒரு வாக்குக்காக ரீகன் கொடுத்த விலையைப் பாருங்கள்: தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். கணக்கில் தோற்ற தீர்மானம், பட்டியலை மாற்றியது. இதனால்தான் இவற்றை வெறும் சடங்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கருவேலங்காடு

66-க்கும் 27-க்கும் உள்ள தூரத்தையும் கொஞ்சம் பாருங்கள் ஐயா. 66 பேர் எதிரே நின்றால் எந்த அதிபரும் இறங்கி வருவார். 18 பேரைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? 2024 நவம்பரில் பைடனின் வெள்ளை மாளிகையே இந்தத் தீர்மானங்களுக்கு எதிராக ஆதரவு திரட்டியது.

நெய்தல்

ஏமனைப் பேசாமல் காசாவை மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.

2018 மார்ச்சில் சாண்டர்ஸ், குடியரசுக் கட்சியின் மைக் லீ, ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் மர்ஃபி மூவரும் சேர்ந்து, சவூதியின் ஏமன் போருக்கு அமெரிக்கா தரும் இராணுவ உதவியை நிறுத்தும் தீர்மானத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். இது பழைய_ஆவணம் சொன்ன ஆயுதச் சட்டம் அன்று, 1973-இன் போர் அதிகாரச் சட்டம். 55–44 என்று ஒதுக்கிவைக்கப்பட்டது. அன்றும் இதே பேச்சுத்தான்: எதற்கு வீண் வேலை?

ஆகஸ்டில் ஏமனின் சாதா மாகாணத்தில் ஒரு பள்ளிச் சிறுவர்கள் பஸ்மீது குண்டு விழுந்தது. 40 சிறுவர்கள் இறந்தார்கள். அது அமெரிக்காவில் செய்த குண்டு என்று செய்தி நிறுவனங்கள் சிதறலை வைத்து அடையாளம் காட்டின. அக்டோபரில் சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல்லில் உள்ள சவூதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். நவம்பரில் சவூதி விமானங்களுக்கு நடுவானில் எரிபொருள் நிரப்புவதை அமெரிக்கா நிறுத்தியது. டிசம்பர் 13 அன்று அதே தீர்மானம் 56–41 என்று செனட்டில் நிறைவேறியது. ஹொதைதா துறைமுகத்துக்கான போர்நிறுத்த உடன்பாடு ஸ்டாக்ஹோமில் முடிவானதும் அதே நாளில்தான். மறு ஆண்டு இரண்டு அவைகளும் நிறைவேற்றின, டிரம்ப் வீட்டோ செய்தார்.

ஆக, சட்டமாகவில்லை. ஆனால் எரிபொருள் நின்றது. மார்ச்சில் தோற்ற தீர்மானம் தயாராகக் கிடந்ததால்தான் டிசம்பரில் அதை உடனே எடுக்க முடிந்தது.

கருவேலங்காடு

நெய்தல் தோழர் 2019-இல் நிறுத்திவிட்டார். நான் தொடர்கிறேன். 2022 டிசம்பரில் இதே ஏமன் தீர்மானத்தை மறுபடியும் கொண்டுவந்தார் சாண்டர்ஸ். வெள்ளை மாளிகை வேண்டாம் என்றது. வாக்கெடுப்புக்குச் சற்றுமுன் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்போது அதிபர் யார்? பைடன். டிரம்ப் இருந்தால் வீரம், தன் அணி ஆள் இருந்தால் பேச்சுவார்த்தை.

நெய்தல்

அது உண்மை. அந்தச் சமயத்தில் ஏமனில் சண்டை பெருமளவு ஓய்ந்திருந்தது, நிர்வாகத்தோடு பேசி வாசகங்களை ஒத்துக்கொள்ளச் செய்வதாக அவர் சொன்னார். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் 2024-இல் அதே பைடன் அதிபராக இருக்கும்போதே ஜனவரியில் ஒன்று, நவம்பரில் மூன்று என்று கொண்டுவந்தாரே, அதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? ஜனவரித் தீர்மானம் ஆயுதத்தை நிறுத்தக்கூடச் சொல்லவில்லை. இஸ்ரேல் மனித உரிமைகளை மீறுகிறதா என்று அறிக்கை மட்டும் கேட்டது. அதற்கே 72–11 என்று கதவை அடைத்தார்கள். அந்தப் பதினொருவரில் ஒருவர் குடியரசுக் கட்சியின் ராண்ட் பால்.

மேப்பிள்_தோப்பு

வெர்மான்ட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறேன், ஆகவே உள்ளூர்க் கதை ஒன்று. நீங்கள் எல்லாரும் சாண்டர்ஸைப் போர் எதிர்ப்பாளர் என்று எடுத்துக்கொண்டு, அதன்பிறகு அந்தப் பெயருக்கு அவர் பொருந்துகிறாரா என்று அளக்கிறீர்கள். அந்த எடுகோளே தவறு என்பது என் எண்ணம்.

1980-களில் அவர் பர்லிங்டன் நகர மேயர். ஊரில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலை ஒன்று இருந்தது. விமானங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் பொருத்தும் விரைவுத் துப்பாக்கிகளைச் செய்தது. மத்திய அமெரிக்காவில் மக்களைச் சுட அவை பயன்படுகின்றன என்று 1983-இல் அமைதி இயக்கத்தினர் ஆலை வாசலை மறித்தார்கள். சோசலிச மேயர் எந்தப் பக்கம் நின்றார்? தொழிலாளர் பக்கம். அவருடைய நகரக் காவல்துறைதான் மறியல் செய்தவர்களைக் கைது செய்தது. அதே மனிதர் 1985-இல் நிகராகுவாவுக்கே நேரில் போய், அந்நாட்டு அரசைக் கவிழ்க்க ரீகன் ஆதரித்த கொன்ட்ரா கிளர்ச்சிப் போரைக் கண்டித்துவிட்டு வந்தார். பர்லிங்டனுக்கும் நிகராகுவாவின் புவெர்ட்டோ கபேசாஸுக்கும் சகோதர நகர உறவுகூட உண்டு.

பிறகு எஃப்-35. இந்தப் போர் விமானங்களை பர்லிங்டன் விமான நிலையத்தில் உள்ள வான்படைப் பிரிவுக்குக் கொண்டுவருவதை அவர் ஆதரித்தார். பக்கத்து வினூஸ்கியில் சத்தம் தாங்க முடியாது என்று பலர் எதிர்த்தார்கள். 2019-இல் விமானங்கள் வந்தே விட்டன. இஸ்ரேல் காசாமீது பறக்கவிட்டவற்றில் எஃப்-35 ரகமும் உண்டு என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

வியட்நாம் காலத்தில் மனச்சாட்சியின் பேரில் இராணுவச் சேவையை மறுத்து விண்ணப்பித்தவர், 1999-இல் கொசோவோ குண்டுவீச்சை ஆதரித்தார். அவருடைய அலுவலகத்தில் ஒருவர் அதற்காகவே பதவி விலகினார். 2001-இல் ஆப்கானிஸ்தான் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அன்று மறுத்த ஒரே உறுப்பினர் பார்பரா லீ. 2002-இல் இராக் போரை சாண்டர்ஸ் எதிர்த்தார்.

எனக்குப் புலப்படுவது இது: ஆயுதம் செய்வதில் அவருக்குப் பெரிய மறுப்பில்லை, அதில் வேலைவாய்ப்பு இருக்கிறது. ஆயுதம் சட்டத்தை மீறிப் பயன்படும்போது அமெரிக்க வரிப்பணம் அதில் இருக்கக் கூடாது என்பார். காசா தொடர்பான அவருடைய பேச்சுகளை எடுத்துப் பாருங்கள். மனித உரிமை மீறுபவர்களுக்கு உதவி கூடாது என்ற விதியும், அமெரிக்க நிவாரணப் பொருளைத் தடுக்கும் நாட்டுக்கு உதவி கூடாது என்ற விதியும் மறுபடி மறுபடி வருகின்றன. காந்தியவாதியின் பேச்சு அன்று அது, ஒரு வழக்கறிஞரின் வாதம்.

கருவேலங்காடு

இதைவிடக் கடுமையாக நானே எழுதியிருக்க மாட்டேன். நன்றி.

யாழ்_வடலி

மேப்பிள்_தோப்பு சொன்ன விதிகளில் ஒன்றின் பின்னால் இன்னொரு வெர்மான்ட்காரர் இருக்கிறார். பேட்ரிக் லேஹி. சாண்டர்ஸோடு அதே மாநிலத்தின் செனட்டராக நெடுங்காலம் இருந்து 2023 தொடக்கத்தில் ஓய்வு பெற்றவர். பாரிய மனித உரிமை மீறல் செய்த படைப்பிரிவுகளுக்கு அமெரிக்க உதவி கூடாது என்று 1997-இல் அவர் கொண்டுவந்த சட்டம் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

எங்களுக்கு அது ஏட்டுச் சட்டம் அல்ல. 2007 டிசம்பரில் நிறைவேறிய அமெரிக்க நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் இலங்கைக்கான இராணுவ உதவிக்கு மனித உரிமை நிபந்தனைகளை விதித்தது. அதனால் யுத்தம் நின்றதா? 2009 மே வரை நடந்தது. சீனா கொடுத்தது, பாகிஸ்தான் கொடுத்தது. எங்கள் தலைக்கு மேல் வந்த கிஃபிர் விமானங்கள் 1990-களிலிருந்து இஸ்ரேலிடம் வாங்கியவை. ஒருவர் கையை விரித்தால் இன்னொருவர் கையை நீட்டுவார்.

ஆனால் இதையே இஸ்ரேலுக்கு அப்படியே பொருத்த முடியாது என்றும் சொல்ல வேண்டும். ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2019 முதல் 2023 வரை இஸ்ரேல் இறக்குமதி செய்த பெரிய ஆயுதங்களில் 69 சதவீதம் அமெரிக்காவிலிருந்தும் 30 சதவீதம் ஜெர்மனியிலிருந்தும் வந்தவை. கொழும்புக்கு வேறு கடைகள் இருந்தன. டெல் அவிவ் நாளைக் காலையில் 2,000 இறாத்தல் குண்டுக்கு எங்கே போகும்? ஆகவே செனட்டில் 27 என்பதை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. எங்களுக்காக அப்படி ஒரு வாக்கெடுப்புக்கூட எங்கும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

தராசுமுள்

இவ்வளவு எழுதினீர்கள், 2023 அக்டோபர் 7 அன்று சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதையும் 251 பேர் பணயமாகக் கொண்டுபோகப்பட்டதையும் ஒருவரும் ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை. 2024 ஏப்ரலில் ஒரே இரவில் ஈரான் 300-க்கு மேற்பட்ட ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் ஏவியது. வடக்கே ஹெஸ்புல்லா. இந்தச் சூழலில் ஒரு நாட்டிடம் டாங்கிக் குண்டு இல்லாமல் போரிடு என்பதா?

இன்னொன்று. இதே முற்போக்காளர்கள் உக்ரைனுக்கு ஆயுதம் என்றால் கை தூக்குகிறார்கள். 2022 அக்டோபரில் முற்போக்குக் குழுவைச் சேர்ந்த 30 பேர், ஆயுதத்தோடு ரஷ்யாவுடன் பேச்சுவார்த்தையும் நடத்துங்கள் என்று பைடனுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். எழுந்த கூச்சலில் மறுநாளே குழுத் தலைவர் பிரமிளா ஜெயபால் அதைத் திரும்பப் பெற்றார். சென்னையில் பிறந்தவர் என்று இங்கே சிலர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினீர்களே, அதனால் சொல்கிறேன். இவர்களுக்குப் போர் பற்றிக் கொள்கை இல்லை, கூச்சல் எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்கள்.

பழைய_ஆவணம்

அக்டோபர் 7-ஐச் சொல்லாமல் விட்டது குறைதான், சொல்லப்பட வேண்டியதே. சாண்டர்ஸ் தம் பேச்சுகளில் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார். அவருடைய தந்தையின் குடும்பத்தில் பலர் போலந்தில் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். அவரே இளமையில் இஸ்ரேலில் கிப்புட்ஸ் என்னும் கூட்டுப் பண்ணை ஒன்றில் இருந்தவர். இஸ்ரேல் தன்னைக் காத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. ஏவுகணையைத் தடுக்கும் அயர்ன் டோம் போன்றவற்றை அவருடைய தீர்மானங்கள் தொடவே இல்லை.

உக்ரைன் விஷயத்தில் ஒரு விவரம். 2024 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் உக்ரைன், இஸ்ரேல், தைவான் மூன்றுக்குமான உதவி ஒரே மசோதாவாக வந்தது. உக்ரைனை ஆதரிக்கும் சாண்டர்ஸ் இரண்டு முறையும் எதிர்த்து வாக்களித்தார், இஸ்ரேல் பகுதிக்காக. உடன் நின்றவர்கள் வெல்ச்சும் ஓரிகனின் ஜெஃப் மெர்க்லியும். கூச்சலுக்குப் பயந்தவர் செய்கிற காரியமா அது?

ஜெயபால் கடிதத்தைப் பற்றித் தராசுமுள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. வெட்கக்கேடு.

குறுந்தொகைப்பிரியை

தற்காப்பு ஆயுதம், தாக்கும் ஆயுதம் என்ற இந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் நிற்கும்? பிரதிநிதிகள் சபையின் முற்போக்கு உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் இதில்தான் மாட்டிக்கொண்டார். 2021 செப்டம்பரில் அயர்ன் டோமுக்கு 100 கோடி டாலர் என்ற மசோதா 420–9 என்று நிறைவேறியது. முதலில் எதிர்த்தவர், கடைசி நேரத்தில் வாக்கை மாற்றி நடுநிலை என்று பதிவு செய்தார், அவையிலேயே கண் கலங்கினார். 2025 ஜூலையில் இஸ்ரேலின் ஏவுகணைத் தடுப்புக்கான 50 கோடி டாலரை நீக்கும் திருத்தத்தைக் குடியரசுக் கட்சியின் மார்ஜரி டெய்லர் கிரீன் கொண்டுவந்தார். ஆதரித்தவர்கள் ஆறே பேர். அவரைப் போன்ற முற்போக்கு உறுப்பினர்களான ரஷீதா தலாய்பும் இல்ஹான் ஒமரும் அந்த ஆறில் உண்டு, ஒகாசியோ-கோர்டெஸ் இல்லை. ஆனால் அவரும் மூல மசோதாவை எதிர்த்துத்தான் வாக்களித்தார். இருந்தும் அவருடைய பிராங்ஸ் அலுவலகத்தில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டார்கள்.

என் பார்வையில் கேடயமும் போரின் பகுதிதான். தன் ஊரில் எதுவும் விழாது என்ற உறுதி இருக்கும்போது அடுத்தவன் ஊரில் போடும் குண்டுக்கு அரசியல் விலை குறைகிறது. அதே சமயம், இஸ்ரேலின் ஆஷ்கெலோனில் ஒரு வீட்டின்மேல் விழ இருக்கும் ராக்கெட்டைத் தடுக்காதே என்று எந்த வாயால் சொல்வது? என்னால் முடியாது. ஆகவே அவர் கண் கலங்கியதை நடிப்பு என்று சொன்னவர்களோடு நான் சேரவில்லை.

தராசுமுள்

குறுந்தொகைப்பிரியை எழுதியதை மதிக்கிறேன். ஆனால் முடிவெடுக்க முடியாதவர்கள் வாக்களிக்கும் இடத்துக்கு ஏன் போகிறார்கள்?

சுண்டக்காய்

ஒரு சிறு சந்தேகம். இந்திய நாடாளுமன்றத்தில் இப்படி ஆயுத ஏற்றுமதியை நிறுத்த வாக்கெடுப்பு கேட்க முடியுமா? ஹைதராபாத்தில் செய்த ட்ரோன்கள் இஸ்ரேலுக்குப் போனதாகச் செய்தி வந்ததே.

பழைய_ஆவணம்

முடியாது. இங்கே உரிமம் வழங்குவது முழுக்க நிர்வாகத்தின் வேலை, அவைக்கு வரவே வராது. இஸ்ரேலுக்கான உரிமங்களை நிறுத்தக் கோரிய பொதுநல மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்று தள்ளுபடி செய்தது.

மட்டுறுத்துநர்

இந்தியா பற்றித் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். சாண்டர்ஸை ஒருமையில் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. ஒன்றுதான் இன்னும் விளங்கவில்லை. ஏப்ரலில் 15, ஜூலையில் 27. நான்கு மாதம்கூட ஆகவில்லை. என்ன மாறியது?

நெய்தல்

பசி. அந்த ஜூலையில் காசாவின் எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் எல்லா நாளிதழ்களிலும் வந்தன. செனட்டர் பேட்டி மர்ரே போல, கட்சித் தலைமையில் பழுத்த பலர் முதல் முறையாகப் பக்கம் மாறினார்கள். ஜனநாயகக் கட்சி அணியில் 47 பேர், அதில் 27 என்றால் பெரும்பான்மை. தலைவர் ஷூமர் எதிர்த்து வாக்களித்தும் அவருடைய அணியில் பாதிக்கு மேல் அவரை விட்டு வந்தார்கள். குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவரும் வரவில்லை.

துப்பாக்கிக்கு 27, குண்டுக்கு 24 என்ற வித்தியாசத்தையும் கவனியுங்கள். அந்தத் துப்பாக்கிகள் இஸ்ரேலின் தீவிர வலதுசாரி அமைச்சர் இதமார் பென் கவிரின் பொறுப்பில் இருந்த காவல்துறைக்குப் போக இருந்தவை. அவர் பெயரே சிலரை மாற்றப் போதுமாக இருந்தது. ஒட்டுமொத்தமாக இஸ்ரேலுக்கு எதிராக வாக்களி என்று கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஒவ்வொரு பொருளாக, ஒவ்வொரு பெறுநராக எடுத்து வைத்ததால் நடந்தது.

கருவேலங்காடு

சரி, 27-ஐ ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அளவுகோல் வேறு. 2016-இல் ஒபாமா இஸ்ரேலோடு போட்ட ஒப்பந்தப்படி பத்தாண்டுக்கு 3,800 கோடி டாலர் இராணுவ உதவி. 2028 நிதியாண்டோடு அது முடிகிறது. அடுத்த ஒப்பந்தம் வரும்போது இந்த 27 பேரில் எத்தனை பேர் வாயைத் திறக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மீதியைப் பேசுகிறேன். துப்பாக்கி விற்பனையை எதிர்ப்பது மலிவு.

வைகைக்கரை

அந்த ஒப்பந்தத்துக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டுமா?

பழைய_ஆவணம்

வேண்டாம், அது உடன்படிக்கை அன்று. இரண்டு அரசுகளும் கையெழுத்திடும் புரிந்துணர்வு மட்டுமே, வாக்கெடுப்புக்கு வராது. ஆனால் அதில் எழுதிய தொகை தானாகப் போய்ச் சேராது. ஆண்டுக்கு 330 கோடி ஆயுத உதவிக்கு, 50 கோடி ஏவுகணைத் தடுப்புக்கு என்று ஒவ்வோர் ஆண்டும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் இரண்டு அவைகளும் நிறைவேற்றியாக வேண்டும். கருவேலங்காடு காத்திருக்க 2028 வரை போக வேண்டியதில்லை, அந்த மசோதா ஆண்டுதோறும் வருகிறது.